ஏகமனதாகத் தெரிவானவர்

கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவராகச் சவுந்தரநாயகம் இந்த வருடமும் ஏகமனதாகத் தெரிவானார். கூட்டம் முடிந்து கீழே வந்தவர், காவலாளி பழனிமுத்துவின் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"நல்ல தலைமைக்கு எந்த நாட்டிலயும் ஒரே சட்டம்தான், பழனிமுத்து. தலைவன் தன்ர சனத்தை விட்டுட்டுப் போகக்கூடாது."

"அதுக்காகத்தான் மக கூப்பிட்டும் கனடாவுக்குப் போகாம இருக்கீங்களா ஐயா?"

"ஓம். என்னை நம்பித்தானே தெரிவுசெய்திருக்கினம்."

பழனிமுத்து தயங்கினான். "சனம் தலைவரை விட்டுட்டுப் போயிட்டா, அதுக்கு என்னங்கய்யா சட்டம்?"

சவுந்தரநாயகம் அண்ணாந்து பார்த்தார். அவருடைய வீட்டைத் தவிர எல்லா வீட்டு யன்னல்களும் பூட்டிக் கிடந்தன. கடைசியாக இருந்த ஹியூபேட் குடும்பமும் போன கிழமை லண்டனுக்குப் போய்விட்டது.

இன்றைய கூட்டத்தில் அவருடைய பெயரை முன்மொழிந்ததும், கை உயர்த்தியதும், கை தட்டியதும் அவர் ஒருவரேதான்.