முதல் பக்கம், முதல் வரி

புது வாஷிங் மெஷின் குளியலறையிலிருந்து ஆடிக்கொண்டே கிளம்பி, கூடத்துக் கதவை இடித்துவிட்டுத்தான் நின்றது.

மெக்கானிக் அதன் முதுகை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"லாரியில ஆடாம இருக்கப் போட்ட நாலு போல்ட்டும் அப்படியே இருக்கே! இதைக் கழட்டாமயா சார் ஓட்டினீங்க? மேனுவல்ல முதல் வரியே அதுதானே!"

வீட்டுக்காரர் குனிந்து போல்ட்டைத் தடவிப் பார்த்தார்.

"படிங்க படிங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'எனக்குத் தெரியாததா'ன்னுட்டார்" என்றாள் மனைவி.

மெக்கானிக்குக்கு இரக்கம் வந்துவிட்டது. "விடுங்கம்மா. அந்த இங்கிலீஷும் சரியில்ல. கழட்டு, சொருகு, தொடாதேன்னு ஒரே விரட்டல். பேருக்கு ஒரு 'ப்ளீஸ்' கிடையாது. எவனோ திமிர் பிடிச்சவன் எழுதியிருக்கான்."

வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "மேனுவல் இங்கிலீஷ் அப்படித்தான்யா இருக்கணும். வினைச்சொல் முதல்ல வரணும். ஒரு வரிக்கு ஒரு வேலைதான். கெஞ்சினா எவன் செய்வான்?"

"இவ்வளவு தெரிஞ்சவர் அந்த ஒரு வரியைப் படிச்சிருக்கலாமே சார்!" மெக்கானிக் படிவத்தை எடுத்தார். "சரி, மேனுவல் புரியலைன்னு எழுதிடறேன். உங்களுக்கு ரிப்பேர் இலவசம், எழுதினவனுக்குச் சீட்டு கிழியும். படிக்கலைன்னு எழுதினா வாரன்டி போயிடும்."

"படிக்கலைன்னே எழுதுங்க."

"எவனோ ஒருத்தனுக்காக நீங்க ஏன் சார் நஷ்டப்படணும்?"

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அவர் சொல்றபடியே எழுதுங்கண்ணே. அந்தத் திமிர் பிடிச்சவருக்குத்தான் நான் இருபது வருஷமா சமைச்சுப் போடறேன்."