வெள்ளையில் வெள்ளை

புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு சுவர்த்திரையில் அதைப் பயன்படுத்துவதற்கான ஒப்பந்தம் வந்தது. பார்வையற்ற ஹெப்சிபா தன் திரைவாசிப்பானைக் காதில் மாட்டுவதற்குள், கணவன் தேவசகாயம் ‘சம்மதம்’ என்று அழுத்திவிட்டான்.

“ரெண்டு கண்ணாலயும் படிச்சுட்டேன். ஒண்ணுமில்ல.”

வாசிப்பான் அவளுக்கு ஒரு வரி விடாமல் ஒப்பித்தது. வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்திருந்த வரியையும் சேர்த்துத்தான். அதற்கு நிறமாவது, மண்ணாங்கட்டியாவது!

“ஏங்க, இந்த வீட்டுச் சண்டையை அக்கம்பக்கத்துத் திரையில நாடகமா ஓட்டலாம்னு போட்டிருக்கு.”

“எங்க போட்டிருக்கு? வெறும் வெள்ளையால்ல இருக்கு! கண்ணு தெரியாதவ எனக்குப் படிச்சுக் காட்டுறியா?” என்று அவன் கத்தினான்.

ஹெப்சிபா வாசிப்பானைக் காதிலிருந்து கழற்றினாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“அக்கா, சும்மா விடாதீங்க! நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்க. குடும்பத்தோட உக்காந்து பாத்துக்கிட்டிருக்கோம்!”