வைஃபை வாட்ச்மேன்

பீரோ பூட்டுக்குள் கொண்டை ஊசியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள் அவள். இரண்டு ஊசிகள் வளைந்துவிட்டன. அவசரப்பட்டால் திருட முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீடு அவளுடையதுதான், பீரோவும் அவளுடையதுதான். சாவி மட்டும் கணவனிடம். அவளுடைய பட்டச் சான்றிதழ்களும் மகளின் பிறப்புச் சான்றிதழும் எட்டு மாதமாக உள்ளே கிடந்தன. போகிறேன் என்று முதல் தடவை சொன்னபோது மணிக்கட்டு உடைந்தது. இந்தத் தடவை சொல்லாமல் போவது என்று முடிவெடுத்திருந்தாள்.

மூன்றாவது ஊசிக்குப் பூட்டு இறங்கி வந்தது. அந்த நேரம் பார்த்து இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அதிர, அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அண்ணன்தான். தெருமுனைக்கு வேன் வந்து ஐந்து நிமிடம் ஆகிறதாம்.

"சீக்கிரம் வாம்மா. மாப்பிள்ளை பூனை மாதிரி வந்து நிப்பாரு, தெரியும்ல?"

"வந்தா தெரிஞ்சிடும்ணே. வாட்ச்மேன் போட்டிருக்கேன்."

"எந்த வாட்ச்மேன் முழிச்சிருந்திருக்கான்?"

இவன் தூங்க மாட்டான் என்றாள். கணினிக்கு நிரல் எழுதிப் பிழைப்பவள் அவள். அந்த வீட்டுக்கு வைஃபை கொடுப்பதே கூடத்து மூலையிலிருந்த அவளுடைய பழைய கணினிதான். அதில் எந்த ஃபோன் வந்து சேர்ந்தாலும் விலகினாலும் கணினியை நடத்தும் இயங்குதளத்துக்கு முதலில் தெரியும். காத்திருக்கும் நிரலை அது தட்டி எழுப்பும். கணவனின் ஃபோனுக்காக மட்டும் காத்திருக்கும்படி ஒரு சின்ன நிரலை, அவன் தூங்கும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைத்திருந்தாள். ஃபோன் இல்லாமல் அவன் குளிக்கக்கூடப் போவதில்லை.

"அப்ப நிமிஷத்துக்கு நிமிஷம் போய்ப் பாக்க வேணாமா?"

"வேணாம்ணே. ஏதாவது மாறினா அதுவே கத்தும். மாறலைன்னா வாயத் திறக்காது."

அண்ணனுக்கு ஒரு சந்தேகம். "மாப்பிள்ளை கிளம்பினப்ப கத்துச்சா?"

"கார் போனதைப் பாத்துட்டு அப்புறம்தானே ஆன் பண்ணேன்."

சீக்கிரம் வரச் சொல்லிவிட்டு அவர் ஃபோனை வைத்தார். கணவன் படுப்பது மாடி அறையில். தினமும் ஒன்பது மணிக்கு வெளிப்படி வழியாக இறங்கி நேரே காருக்குப் போய்விடுவான். இன்றும் ஒன்பதுக்குக் கேட் திறந்தது. சமையலறைச் சன்னலில் அவள் எட்டிப் பார்த்தபோது காரின் பின்பக்கம் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

சான்றிதழ்களைப் பைக்குள் திணித்தாள். அப்போது தெருவில் ஒரு கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம். இருபது வரை எண்ணினாள். கூடத்துக் கணினி மூச்சுவிடவில்லை.

வேறு யாரோ. பீரோவைச் சாத்தி, வளைந்த ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். திரையில் ஒரு வரிகூட இல்லை. எழுதிய நிரல் இவ்வளவு அமைதியாக ஓடி அவள் பார்த்ததில்லை.

மகளைத்தான் காணவில்லை. ஐந்து வயது. பொம்மையை எடுத்து வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் ஓடியவள் இன்னும் வரவில்லை. சத்தம் போட்டுக் கூப்பிடவும் பயம், அக்கம்பக்கத்துக் காதுகளுக்கு. வாசலருகே போய் நின்று, மகளுக்குக் கேட்கும்படி விரலால் கதவைத் தட்டினாள்.

குட்டி பின்கதவு வழியாக வந்தாள், இரண்டு செருப்பும் கால் மாறியிருக்க, முயல் பொம்மையைக் காதைப் பிடித்துத் தொங்கவிட்டபடி. அவள் குனிந்து செருப்பை மாற்றிவிட்டாள்.

"நாம மாமா வேன்ல போறது ரகசியம்னு சொன்னேன்ல. யார்கிட்டயும் சொல்லலையே?"

"இல்லம்மா" என்றாள் குட்டி. "காரை மெக்கானிக்கிட்ட குடுத்துட்டு அப்பா மாடியிலதான் இருக்காரு, அவர்கிட்ட மட்டும்தான் இப்ப டாட்டா சொன்னேன்."