மூன்றாவது தடவை

"ரத்தினம்!"

முதுகுக்குப் பின்னால், சுண்ணாம்புக் குழிப் பக்கமிருந்து குரல் வந்தது.

ரத்தினசாமி திரும்பவில்லை. மரக்கட்டையில் கிடந்த மாட்டுத்தோலில் மயிர் வழித்துக்கொண்டிருந்தவன், கத்தியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தான்.

ஒன்று.

வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம். ஷாப்புக்காரரும் மேஸ்திரியும் மசூதிக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். ஆம்பூரின் அந்தத் தோல் பதனிடும் ஷாப்பில் அப்போது இரண்டே பேர். இவன் ஒருவன். குழியிலிருந்து கழியால் தோலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஆதிகேசவன் இன்னொருவன். சுண்ணாம்பில் கூடுதலாகக் கிடந்தால் தோல் வெந்துபோகும் என்று அவன் சாப்பாட்டைத் தள்ளிவைத்திருந்தான்.

குரல் ஆதிகேசவனுடையதைப் போலத்தான் இருந்தது. அதில் ஒன்றுமில்லை. அவனுக்கு மட்டும் கேட்கிற அந்தக் குரல் யாருடைய தொண்டையில் வேண்டுமானாலும் வரும். செத்துப்போன அப்பன் மாதிரி வரும். மேஸ்திரி மாதிரி வரும். ஷாப்பில் இருக்கும்போது வருவது மட்டும் எப்போதும் அந்தக் குழிக்குள்ளிருந்துதான்.

குடித்தால் அடங்கும். முதலில் ஒரு மொந்தை கள்ளுக்கு அடங்கியது. பிறகு சாராயம் கேட்டது. போதை இறங்கும்போது இரண்டு பங்காகத் திரும்பி வரும்.

போன சித்திரையில் அது கூப்பிட்ட கூப்பாட்டுக்கு, "தோ வர்றேன்" என்று பதில் சொல்லிவிட்டு வேட்டியோடு குழிக்குள் இறங்கினான். ஆள் ஆழம். ஆதிகேசவன்தான் குடுமியைப் பிடித்து வெளியே இழுத்தான். அன்று சாயங்காலமே அவன் பெண்டாட்டி அமிர்தவள்ளி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிகொண்டாவுக்குத் தாய்வீடு போய்விட்டாள்.

வைத்தியர் குடிக்கு மட்டும் மருந்து கொடுத்தார். குடி நின்ற மூன்றாம் நாள் குரல் கூரையைப் பிய்த்தது. பூசாரி குரலுக்கு மட்டும் வேப்பிலை அடித்தார். அடி வாங்கின வலிக்கு மறுபடி குடித்தான்.

ஆற்றங்கரை தர்காவில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் மஹ்பூபிதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். நாற்பது நாள். கை நடுங்கும்போது கஞ்சியை அவளே புகட்டினாள். குரல் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது என்ன சொல்கிறது என்று விசாரித்தாள். அனுப்பும்போது ஒன்று சொன்னாள்.

"மனுசன்னா மூணு வாட்டி கூப்புடுவான். அதுக்கு மூணு வராது, ரெண்டோட நின்னுடும். மூணு கேக்காம திரும்பாத பேட்டா. திரும்புனா அது ஜெயிச்சிடும், நீ நேரா சாராயக் கடைக்குத்தான் போவ."

ஷாப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்தான். பத்து நாள் சிரித்துக்கொண்டே மூன்று தடவை கூப்பிட்டார்கள். "இன்னா ராஜா, கட்டியக்காரன் வந்து கூவுனாத்தான் திரும்புவியா?" என்றார்கள். பிறகு அலுத்துவிட்டது. ஒருவனை மூன்று தடவை கூப்பிடுவது வேலை. அதனால் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

வெற்றிலைக்குக் கூப்பிடவில்லை. கூத்துக்குக் கூப்பிடவில்லை. சில நாள் காலையிலிருந்து சங்கு ஊதும் வரை அவன் பெயரை ஒரு வாயும் சொல்லியிருக்காது. அந்தக் குரலாவது வந்தால் தேவலை என்றுகூட இருக்கும்.

ஆதிகேசவன் மட்டும் விடவில்லை. வாய் நிறையப் புகையிலை இருந்தாலும் துப்பிவிட்டு, "ரத்தினம், ரத்தினம், ரத்தினம்" என்பான். "உன்ன ஒருக்கா கூப்புட மூணு ஆளு மூச்சு வேணும்டா" என்பான். ஒரு நாளும் அவன் இரண்டோடு நிறுத்தியதில்லை.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். இழுக்கும்போது கழி நழுவி, ஈரத்தோல் திரும்பக் குழியில் விழுவது நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான்.

"ரத்தினம்!"

இரண்டு.

இந்தத் தடவை குரல் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. இது புது வித்தை. பல்லைக் கடித்துக்கொண்டான்.

உடம்பு முழுக்கத் திரும்பு திரும்பு என்றது. கழுத்து நரம்பு புடைத்தது. குடித்து ஏழு மாதமாகியும் நாக்கில் சாராயத்தின் காரம் ஊறியது. தை பிறக்க இன்னும் பதினொரு நாள். அதுவரை தாக்குப்பிடித்தால் பிள்ளையோடு வருகிறேன் என்று அமிர்தவள்ளி ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள்.

ஆதிகேசவன் என்றால் மூன்றாவது வரும்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். ஆவாரம்பட்டைக் குவியலில் ஒரு காக்கை எதையோ கிளறிக்கொண்டிருந்தது. குழிப் பக்கம் அரவமே இல்லை.

அது போய்விட்டது. சாராயம் இல்லாமல், மஹ்பூபி பக்கத்தில் இல்லாமல், தனியாக நின்று அதை ஜெயித்திருக்கிறான். கத்தியைக் கீழே வைத்தான். கை நடுங்கவில்லை. சிரிப்பு வந்தது. இதைப் போய்ச் சொல்ல அவனுக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தான்.

"ணா, இன்னிக்கு ரெண்டோட ஓடிப்போச்சுணா!" என்று சொல்லிக்கொண்டே திரும்பினான்.

குழி விளிம்பில் ஆதிகேசவனின் தலைத்துண்டு கிடந்தது. வெள்ளைத் தண்ணீரில் கழி மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.