கோட்டருகே ஒரு கையசைப்பு

2019 மார்ச் 16, சனிக்கிழமை. எங்கள் ஊர்க் கார்ப்பந்தய மன்றம் பெண்களை வரவேற்று அழைத்து, அவமதித்து அனுப்பப் பார்த்தது.

'பெண்களே, வருக' என்று வாயிலில் பலகை வைத்தார்கள். பெண்களின் ஓட்டங்களையோ, எல்லாரும் ரொட்டியில் சாசேஜ் மடித்துத் தின்னப் போன இடைவேளையில் நடத்தினார்கள். நேரம் காட்டும் பலகையையும் அணைத்துவிட்டார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளெனிஸ், மன்றத் தலைவன் வேய்னிடம் நியாயம் கேட்டாள்.

"நீ ஓட்டுற வேகத்துக்கு போர்டு எதுக்கும்மா? காலண்டர் போதுமே," என்றான். வாயில் ரொட்டியோடு அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"அப்ப என்னோட ஒரு ஓட்டம் வா. நான் ஜெயிச்சா, அடுத்த மாசத்துலேர்ந்து பொம்பளைங்க பேரு பொதுப் பட்டியல்ல வரணும். தோத்தா, இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூட படுக்கமாட்டேன்."

எல்லார் முன்னிலையிலும் அவன் ஒப்புக்கொண்டான்.

விதி எளியது. நேர்த்தடத்தை ஓடி முடிக்கத் தன் கார் எடுக்கும் நேரத்தை ஒவ்வொருவரும் முன்கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுத வேண்டும். மெதுவான காருக்கு, அந்த வேறுபாட்டின் அளவு முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். எழுதியதைவிட விரைவாக முடித்தவர் தோற்றவர். அன்று காலை புதியவர்களுக்கு இதை விளக்கியவனே வேய்ன்தான்.

அவன் வழக்கம்போல் சற்றுக் கூட்டியே எழுதினான். முடிவுக் கோட்டருகே பிரேக்கைத் தொட்டுச் சரிக்கட்டிக்கொள்வான்.

கிளெனிஸின் பழைய ஹோல்டன் கார் முதலில் புறப்பட்டது. பின்னால் வேய்ன் சீறினான். கோட்டருகே அவளை எட்டிவிட்டான். பிரேக்கைத் தொட வேண்டிய இடம் அது.

அவள் திரும்பி, பேருந்திலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல், அவனுக்குக் கையசைத்தாள்.

அவன் மிதித்தது பிரேக்கை அல்ல.

ஒரு கார் நீளம் முந்திக் கோட்டைக் கடந்தான். கூட்டாளிகள் விசிலடித்தார்கள்.

வெற்றி விளக்கு அவள் தடத்தில் எரிந்தது.

விசில் நின்றது. எனக்கு இனித்தது.

இப்போது அவன் அதை விளையாட்டுப் பேச்சு என்கிறான். அடுத்த மாதப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை.

கையசைக்கும்படி அவளிடம் சொன்னவன் நான். முன்னே சென்ற சிறுமி ஒருத்தி கையசைத்தாள் என்பதற்காக, ஏழு வயதில் சைக்கிளை வேலியில் மோதியவன் அவன். அந்தச் சைக்கிளை நிமிர்த்தியவனும் நானே.

ஞாயிறன்று தலைவர் தேர்தல். உறுப்பினர்களே, வேய்னுக்கு வாக்களிக்காதீர்கள்.

பெற்றவன் சொல்கிறேன்.