கதவடியில் ஒரு கோடு

வெள்ளவத்தையில் துணிக்கடைக்கு மேலே உள்ள நடன வகுப்பில் மாலை வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. போன மாதம் கீழே வயர் எரிந்து புகை ஏறியபோது, பிள்ளைகள் எல்லோரும் கதவில் போய் நெருக்க, உள்ளே இழுத்துத் திறக்கும் அந்தக் கதவு அசையவே இல்லை. நல்ல காலம், புகையோடு போயிற்று. இன்று தச்சர் எட்வேட் அதை வெளியே திறக்கும்படி மாற்றிப் பொருத்தியிருக்கிறார். "எங்க, தள்ளிக்கொண்டு ஓடுங்கோ பாப்பம்," என்கிறார் சுபோதினி டீச்சர். சலங்கை குலுங்கப் பிள்ளைகள் தள்ளுகிறார்கள். கதவு ஒரு சாண் திறந்து இறுகி நிற்கிறது. எட்வேட்டின் முகம் கறுக்கிறது. இடுக்கால் எட்டிப் பார்த்தவர் சிரித்துவிடுகிறார். "கதவு சரி டீச்சர். செருப்புதான் விடுதில்ல." வழக்கம்போல வாசலோடு கழற்றிவிட்ட செருப்புகள் வெளியே குவிந்து கதவடியில் சிக்கியிருக்கின்றன. அவர் கையை நுழைத்து எல்லாவற்றையும் ஒதுக்கி, கதவை அகலத் திறந்து, அது சுழலும் இடத்தைச் சுற்றிச் சோக்குக் கட்டியால் கோடு கீறுகிறார். பிள்ளைகள் மறுபடி தள்ளுகிறார்கள். கதவு சுவரில் போய் மோத, படிக்கட்டு முழுக்கச் சலங்கைச் சத்தம் இறங்குகிறது. பிள்ளைகள் திரும்ப ஏறி உள்ளே போய்விட, எட்வேட்டைத் தெருவரை அனுப்பிவிட்டு டீச்சர் மேலே வருகிறார். போனில் கதைத்தபடியே வாசலோடு செருப்பைக் கழற்றுகிறார். உள்ளேயிருந்து அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில், "டீச்சர், கோடு!" டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு, கால் பெருவிரலால் செருப்பை மெல்லக் கோட்டுக்கு அப்பால் தள்ளுகிறார்.