நீளக் குழாயா, கட்டைக் குழாயா?

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் மலையேற்றக் கார் பந்தயம். மூன்று வருடமாகக் கடைசி இடத்தில் வந்த றோலண்ட், இந்த முறை எஞ்சினுக்குள் காற்றை அனுப்பும் பிளீனம் என்ற பெட்டியையும் அதன் குழாய்களையும் மாற்றிப் பார்ப்பதென்று முடிவெடுத்திருந்தான்.

"இதத்தான் எடுக்கப் போறேன். பெரிய பெட்டி, கட்டக் குழாய்" என்று போனில் படத்தைக் காட்டினான்.

பருப்பு தாளித்துக்கொண்டிருந்த மனைவி கேத்ரின் எட்டிப் பார்த்தாள். "வேணாங்க. அது நேர் ரோட்டுல பறக்குற காருக்குத்தான் சரி. நம்ம ஏத்தத்துல வளைவுக்கு வளைவு வேகம் கொறையும். நீளக் குழாய்தான் இழுக்கும்."

றோலண்ட் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒனக்கு என்ன தெரியும்? நான் மலைச்சிங்கம் அண்ணன்கிட்ட கேட்டுக்கிறேன்."

"யாருங்க அது?"

"பேஸ்புக் ரேஸ் குரூப்புல இருக்காரு. மொகத்தக் காட்ட மாட்டாரு. ஆனா அவரு சொன்னா வேதவாக்கு!"

பயபக்தியோடு கேள்வியை அனுப்பிவிட்டு வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

'நீளக் குழாயே எடுங்க தம்பி.'

"பாத்தியா கேத்ரின், இதுதான் அனுபவம்!" என்று கத்திக்கொண்டே ஓர்டர் கொடுத்தான்.

"அண்ணன் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மறுபடியும் போன் கிணுகிணுத்தது.

'இன்னொண்ணு தம்பி. ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குப் பலம் வேணும். தெனமும் வீட்டுல ரெண்டு தேங்கா துருவுங்க.'

"கேத்ரின், தேங்கா எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவன் சமையலறைக்குள் ஓடி வந்தான்.

அவனுக்காகவே ஒரு வருடம் யூடியூபில் எஞ்சின் படித்த மலைச்சிங்கம், தன் போனை அவசரமாக அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, இரண்டு தேங்காயை எடுத்து அவனிடம் நீட்டியது.